ஒரு சைபர் காணாமப் போன ராத்திரி

இன்னைக்கு ஜேசன் பத்திப் பேசலாம். புரோகிராமுக்குள்ள இருக்கற டேட்டாவை எழுத்தா மாத்தி இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பறோம். அங்க அதைப் படிச்சு மறுபடியும் டேட்டாவா ஆக்கிக்கறாங்க. பைத்தான்ல இதுக்கு டம்ப்ஸ், லோட்ஸ்னு ரெண்டு ஃபங்ஷன். இதுல தப்பு பண்ண என்ன இருக்குன்னுதான் நானும் நினைச்சேன்.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்கு இ-இன்வாய்ஸ் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். 5 கோடிக்கு மேல டர்ன்ஓவர் இருந்தா, 2023 ஆகஸ்ட் 1-லேர்ந்து, இன்னொரு கம்பெனிக்கு விக்கற பில்லை ஜேசனா போர்ட்டலுக்கு அனுப்பி ஐஆர்என் வாங்கியாகணும். அது இல்லாத பில் செல்லாது. முதல் லோடு. ஜூஜூவாடி தாண்டி பெங்களூர் போக வேண்டிய லாரி கேட்டுக்குள்ளயே நிக்குது. ராத்திரி 11 மணிக்கு போன்: "தம்பி, டிரைவர் கிளம்பட்டுமான்னு கேக்கறார்."

மாம்பழக்கூழுக்கு ஹெச்எஸ்என் கோட் 080450. பில் விவரம் சிஎஸ்வி ஃபைல்ல சரியாத்தான் இருந்தது. அதைப் படிச்ச பாண்டாஸ் லைப்ரரி, எல்லாம் இலக்கமா இருக்கே, நம்பர்தான்னு முடிவு பண்ணி 80450 ஆக்கிடுச்சு. இந்த இடத்துல ஸ்ட்ரிங் வேணும்னு போர்ட்டல் திருப்பி அனுப்புச்சு. அவசரத்துல நான் ஒரு 'எஸ்டிஆர்' போட்டேன். ஸ்ட்ரிங் ஆச்சு, ஆனா போன சைபர் எங்கேர்ந்து வரும்? மறுபடியும் ரிஜெக்ட்.

டம்ப்ஸ் பண்ணி, லோட்ஸ் பண்ணி, ரெண்டும் ஒண்ணான்னு பார்த்தேன். ஒண்ணுதான்! அரை மணி நேரம் அதுலயே போச்சு. ஜேசன் மேல தப்பே இல்ல. அதுகிட்ட வர்றதுக்கு முன்னாடியே டேட்டா கெட்டுப்போச்சு. நான் டெஸ்ட் பண்ணினதெல்லாம் ஓசூர் சிப்காட் ஆட்டோ பார்ட்ஸ் பில் வெச்சு. அந்த கோட் 8708-ல ஆரம்பிக்கும், முன்னாடி சைபரே கிடையாது.

சரிபண்ணினது ஒரே வரி. ரீட் சிஎஸ்வி-ல அந்த காலத்துக்கு டீடைப் எஸ்டிஆர்-னு சொல்லிட்டேன். எல்லா காலத்துக்கும் அப்படிப் போட்டுடாதீங்க. அதே பில்லுல மாநில கோட், கர்நாடகாவோட 29, ஸ்ட்ரிங்கா போகணும். பின்கோடு நம்பரா போகணும். ஏன்னு என்னைக் கேக்காதீங்க. ஸ்கீமாவைத் திறந்து ஒவ்வொரு ஃபீல்டா பாத்துட்டு எழுதுங்க.

லாரி 12.40-க்குக் கிளம்புச்சு. இதே பில்லுல ரூபாய், பைசாவுக்கு டெசிமல் போட்டா டம்ப்ஸ் எரர் அடிக்கும். அது அடுத்த எபிசோட்ல.