கோட்டை ஒன்று, முற்றுகை பல



செங்கல்பட்டுக் கோட்டை எத்தனை முறை முற்றுகைக்கு உள்ளாயிற்று? கேட்பதற்கு எளிய வினா இது. ஆயின், விடை காணப் புகுவோர் முதலில் வேறொரு வினாவைச் சந்திக்க நேரிடும். 'ஒரு முற்றுகை' என்பது எது? எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

இவ்வினா இன்று கணினி அறிஞர்களையும் வருத்துகிறது. உலகச் செய்திகளை 'அறிவு வரைபடம்' என்னும் அமைப்பில் அவர்கள் தொகுத்து வருகின்றனர். பெயர் வரைபடம் எனினும் இது நிலப்படம் அன்று. முடிச்சுகளும் இழைகளும் கொண்ட வலை. ஒவ்வொரு மனிதரும், ஊரும், நிகழ்ச்சியும் ஒரு முடிச்சு. அவற்றிடையே உள்ள உறவு இழை. 2012-இல் தொடங்கிய விக்கித்தரவு இத்தகையது. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண் உண்டு. இரு பொருளுக்கு ஓர் எண் தந்தாலும், ஒரு பொருளுக்கு இரண்டு எண் தந்தாலும் வலை பிழைபடும். அதை நம்பி விடை சொல்லும் கருவிகளும் பிழைபடும்.

தமிழுக்கு இச்சிக்கல் புதிதன்று. திறந்த களத்தில் இரு படைகள் பொருதுவதைத் தும்பை என்றும், மதிலை வளைத்துப் பொருவதை உழிஞை என்றும் தொல்காப்பியர் பிரித்தார். மதில் காப்பதையும் அவர் உழிஞையுள்ளேயே அடக்கினார். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலையோ அதனை நொச்சி எனத் தனித் திணையாக்கியது. தொல்காப்பியத்தில் புறத்திணை ஏழு, வெண்பாமாலையில் பன்னிரண்டு. நிகழ்ச்சியை ஒன்றாகக் கொள்வதா, பிரித்து எண்ணுவதா என்னும் வழக்கை நம் இலக்கண ஆசிரியர்கள் அன்றே நடத்தியுள்ளனர்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். 1752-இல் இராபர்ட் கிளைவ் பெரிதும் பழக்கமில்லாத புதுப்படையுடன் புறப்பட்டு, முதலில் கோவளத்தையும் பின்னர்ச் செங்கல்பட்டையும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினார். தலைவர் ஒருவர், படையெடுப்பு ஒன்று. எனினும் வளைக்கப்பட்ட மதில்கள் இரண்டு. பணிந்த தலைவர்கள் இருவர். ஆகவே இவை இரண்டு பதிவுகள். இரண்டையும் அடக்கும் படையெடுப்பு மூன்றாவது பதிவு. மேலும், கோவளம் என்னும் பெயரில் கேரளத்திலும் ஊர் உண்டு, குமரிமுனையருகிலும் ஊர் உண்டு. இடத்தைச் சரியாக இணைக்காவிடில் கிளைவின் பீரங்கிகள் கேரளக் கடற்கரையில் முழங்கிவிடும்.

ஆண்டும் எச்சரிக்கை வேண்டுவது. அதே 1752-இல்தான் ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியைக் கைவிட்டனர். செப்டம்பர் 2-ஆம் நாளுக்கு மறுநாள் 14-ஆம் நாள் ஆயிற்று. பிரெஞ்சுக்காரர் நெடுங்காலம் முன்பே புதிய நாட்காட்டிக்கு மாறியிருந்தனர். புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையோ தமிழ் ஆண்டையும் மாதத்தையும் கூடவே குறித்தார். ஒரே நாள் மூன்று உருவில் நிற்கிறது. இதை அறியாதவர் ஒரு முற்றுகையை இரண்டாக்கிவிடுவர்.

சதுரங்கப்பட்டினத்தின் நிலை வேறு. 1781-இல் ஆங்கிலேயர் அங்கிருந்த டச்சுக் கோட்டையைக் கைப்பற்றினர். 1782 பிப்ரவரி 17-இல் அவ்வூரின் பெயரால் வழங்கும் போர் நிகழ்ந்தது. ஆனால் அது கடற்போர். ஆங்கிலேயரின் இயூசும் பிரெஞ்சுக்காரரின் சுஃப்ரேனும் கப்பல்களோடு மோதினர். ஊர்ப்பெயர் ஒன்றாதலின் இரண்டையும் ஒன்றென மயங்குதல் எளிது. 1780-இல் பெய்லியின் படை பொள்ளிலூரில் ஐதர் அலியிடம் அழிந்தபின் மன்றோவின் படை செங்கல்பட்டில் ஒதுங்கியது. அது தஞ்சம் புகுந்த நிகழ்ச்சி. அதனை முற்றுகை என்று பதிதல் கூடாது. கோட்டை என்ற சொல் வருமிடமெல்லாம் உழிஞை ஆகாது.

1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, செங்கல்பட்டைத் தளமாகக் கொண்டு பிரெஞ்சுப் படையைப் புறத்தே நின்று அலைக்கழித்தோர் இருவர்: பிரஸ்டன் என்னும் ஆங்கிலேயர், கான்சாகிபு என்னும் யூசுப்கான். பின்னர் கான்சாகிபு மதுரையில் ஆங்கிலேயரையும் நவாபையும் எதிர்த்து நின்றார். 1763-இல் மதுரையை வளைத்த படையில் அதே பிரஸ்டன் இருந்தார். மழைக்காலத்தில் அம்முற்றுகை கைவிடப்பட்டது. 1764-இல் படை மீண்டும் வந்து வளைத்தது. பிரஸ்டன் அங்கே படுகாயமுற்று இறந்தார். கான்சாகிபு காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15-இல் தூக்கிலிடப்பட்டார்.

மதுரை முற்றுகை ஒன்றா, இரண்டா? வளைத்த படை நீங்கி, வாயில் திறந்து, உள்ளே உணவு சென்றபின் மீண்டும் வளைத்தால் அது மற்றொரு முற்றுகை எனக் கொள்வதே தகும். அவ்வாறு பிரித்தால்தான் முதல் முறை வென்றவர் கான்சாகிபு என்னும் உண்மை நிலைக்கும். ஒன்றாகச் சேர்த்தால் அவருக்குத் தோல்வி மட்டுமே எஞ்சும். ஓர் எண்ணைச் சேர்ப்பதும் நீக்குவதும் ஒருவரது வரலாற்றையே மாற்றவல்லது. செங்கல்பட்டில் தோழராய் நின்ற இருவர் மதுரையில் பகைவராய் எதிர்நின்ற அவலத்தையும், முடிச்சுகள் செம்மையாக இருந்தால் மட்டுமே இழைகள் காட்டும்.

இதில் கவிஞர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். புறநானூற்றில் கோவூர்கிழார் இரு முற்றுகைகளைக் காட்டுகிறார். ஆவூரில் அடைந்து கிடந்தவன் நெடுங்கிள்ளி; வளைத்தவன் நலங்கிள்ளி. உறையூரிலும் அவ்விருவரே. ஆள் ஒன்றே எனினும் மதில் வேறு, பாட்டும் வேறு; எனவே பதிவும் இரண்டு. ஆவூர்ப் பாட்டில் புலவர் படைத்தொகையைக் கூறவில்லை. நீராடாமல் சோர்ந்த யானைகளையும், பாலின்றி அழும் குழந்தைகளையும், பூவின்றிக் கூந்தல் முடித்த மகளிரையும் காட்டி, திற அல்லது பொருது முடி என்று மன்னனை இடித்துரைக்கிறார்.

அறிவு வரைபடத்தில் 'பங்கேற்றோர்' என்னும் இழை உண்டு. அதில் பெரும்பாலும் தளபதிகளின் பெயர்களே ஏறுகின்றன. மதிலுக்குள் பசித்திருந்தோர்க்கு அங்கே முடிச்சு இல்லை. ஐதரின் படையெடுப்புக்கு முன், 1767 முதல் 1774 வரை, பர்னார்டு என்பவர் செங்கல்பட்டுச் சீமையின் ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்து, வீடுகளையும் விளைச்சலையும் பதிந்து வைத்தார். அக்கணக்கை முற்றுகைப் பதிவுகளோடு இணைத்தால், போர் எந்த நிலத்தின் மீது நடந்தது, எவருடைய வயல்களை மிதித்துச் சென்றது என்பது விளங்கும். கோவூர்கிழாரின் பாட்டை ஆவூர்ப் பதிவோடு இணைத்தால், குழந்தையின் அழுகையும் சான்றாகும்.

இப்பணியைத் தொலைவில் உள்ள எவரோ செய்வார் என்று விடுதல் ஆகாது. கோவளம் எது, கருங்குழி எது, சதுரங்கப்பட்டினம் எது என்று அறிந்தவர் இம்மண்ணில் வாழ்வோரே. உழிஞையையும் தும்பையையும் பிரித்தறியக் கற்ற மரபினர்க்கு இது இயலாத செயலன்று. பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம் அடுத்த பத்தாண்டில் இக்கடற்கரையின் முற்றுகைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பெயரும் நாளும் இடமும் பாட்டும் சேர்த்துப் பதிந்து தருமாயின், மதிலுக்கு வெளியே நின்றவர்களோடு உள்ளே இருந்தவர்களும் வரலாற்றில் இடம் பெறுவர்.