எண்ணும் மடக்கு



ஒரே செயலைப் பன்முறை சலிப்பின்றிச் செய்தல் மனிதனுக்கு அரிது. பொறிக்கோ அதுவே இயல்பு. 100 மாணவரின் மதிப்பெண்களைக் கூட்டும் ஆசிரியர் 70-ஆவது தாளில் சற்றே கண்ணயரக்கூடும், கணிப்பொறி அயர்வதில்லை. எனினும், எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதை நாம்தாம் அதற்குக் கூறல் வேண்டும். அவ்வாறு கூறும் கட்டளையே எண்ணும் மடக்கு எனப்படும்.

இக்கருத்து மிகப் பழையது. சார்லஸ் பாபேஜ் வகுத்த பகுப்புப் பொறியைப் பற்றி 1843-இல் வெளியிட்ட குறிப்புகளிலேயே, ஏடா லவ்லேஸ் அம்மையார், ஒரு தொகுதிச் செயல்கள் மீண்டும் மீண்டும் சுழன்று நிகழ்வதை விளக்கியுள்ளார். 1957-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியிலும், 1964-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பிறந்த பேசிக் மொழியிலும் அது தனிக் கட்டளையாகவே இடம்பெற்றது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1 முதல் 10 வரையுள்ள எண்களைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை என்னும் மாறியில் முதலில் 0 இடுகிறோம். பின்னர் மடக்கைத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் அவ்வச் சுற்றின் எண்ணை அம்மாறியோடு கூட்டுகிறோம். விடை 55.

எளிதன்றோ? ஆயினும் இங்கே இரண்டு இடறுகற்கள் உள்ளன. 0 இடும் கட்டளையை மடக்கின் உள்ளே எழுதிவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் பழைய கூட்டல் அழிந்துபோகும். இறுதியில் 10 மட்டுமே எஞ்சும். இது முதலாவது.

இரண்டாவது, எல்லையைப் பற்றியது. பேசிக் மொழியில் 1 முதல் 10 வரை என்றால் 10-உம் சேரும். இன்று பள்ளிகளில் பயிலும் பைத்தான் மொழியிலோ, ரேஞ்ச் என்பதற்கு 1, 10 என்று கொடுத்தால், எண்ணிக்கை 9-உடன் நின்றுவிடும். 10-உம் சேர வேண்டுமாயின் 11 என்றே எழுதுதல் வேண்டும். மறந்தால் விடை 45. எழுத்துப் பிழையாயின் கணிப்பொறி உடனே தடுத்து நிறுத்தும். இப்பிழையையோ அது வாய்திறவாது ஏற்றுக்கொள்ளும்.

இம்மயக்கம் கணிப்பொறிக்கே உரியதன்று. 100 அடி நீளமுள்ள வேலிக்கு, இரு முனைகளும் உட்பட, 10 அடிக்கு ஒரு கல் நட எத்தனை கற்கள் வேண்டும்? 10 என்பர் பலர். இடைவெளிகள் 10, கற்களோ 11.

இதற்கு மருந்து யாது? தாளும் எழுதுகோலுமே. சுற்று, எண், கூட்டுத்தொகை என மூன்று பத்திகள் வரைந்துகொள்க. 10-க்குப் பதிலாக 3 வரை கூட்டுவதாகக் கொண்டு, நீவிரே கணிப்பொறியாகி, ஒவ்வொரு சுற்றையும் எழுதிப் பார்க்க. கூட்டுத்தொகைப் பத்தியில் 1, 3, 6 என வருதல் வேண்டும். பின்னர் 1 வரை கூட்டினால் என்னாகும், மடக்கு ஒருமுறையேனும் சுழலாவிடில் என்னாகும் என்பவற்றையும் ஆராய்க.

சிலர் இவ்வாறு செய்யாது, 9-ஐ 10 ஆக்கியும் 10-ஐ 11 ஆக்கியும், எதிர்பார்த்த விடை வரும்வரை மாற்றிப் பார்ப்பர். 55 என்று முன்னரே அறிந்ததனால் அன்றோ அவர்க்கு 45 பிழையெனத் தெரிந்தது? நாளை ஒரு தொழிற்சாலையின் ஊதியக் கணக்கையோ, மருத்துவமனையின் மருந்துக் கணக்கையோ நீங்கள் எழுதும்போது, விடையை முன்கூட்டிச் சொல்வார் எவரும் இரார். விடை அறியாத கணக்கிற்கே கணிப்பொறியை நாடுகிறோம். ஆகவே, முதற்சுற்றையும் இறுதிச் சுற்றையும் கையால் எழுதிச் சரிபார்க்கும் பழக்கத்தைச் சிறு கணக்குகளிலேயே கைக்கொள்வீர்களாக!