அப்பாவின் லோரி, 24-இல் ஒரு பங்கு



லோரி என்றதும் நம் மக்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? புகை, இரைச்சல், நெடுஞ்சாலையில் பின்னால் வந்து ஒட்டி நிற்கும்போது ஏற்படும் பயம். 2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் கல் ஏற்றி வந்த லோரி மோதி, கலகத் தடுப்புப் போலீஸ் படையினர் 9 பேர் உயிரிழந்த பிறகு அந்தப் பயம் இன்னும் கூடியது. அதில் நியாயம் உண்டு.

ஆனால் பினாங்குத் தீவில் ஏதாவது ஒரு சமையலறையை எட்டிப் பாருங்கள். அரிசி, பருப்பு, சீனி, எண்ணெய் என்று அங்கே இருப்பதில் பெரும்பகுதி ஏதோ ஒரு லோரியில் ஏறிப் பாலத்தைக் கடந்து வந்தது. 1985-இல் முதல் பாலம் திறந்தார்கள், 2014-இல் இரண்டாவது பாலம் திறந்தார்கள். இரண்டிலும் இரவு பகலாக லோரிகள் போகின்றன. அவற்றை ஓட்டுகிறவர்களில் தமிழர்களும் நிறைய இருக்கிறார்கள். அந்த ஓட்டுநரின் வண்டி எப்படி இயங்குகிறது என்று அவர் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தக் கேள்விக்கு ஒரு விநோதமான இடத்திலிருந்து பதில் கிடைக்கிறது. அதுதான் பிளாஸ்டிக் மாடல் லோரி. உண்மையான வண்டியை 24-இல் ஒரு பங்காகச் சுருக்கி, துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். வாங்கியவர் அதை ஒட்டி, வர்ணம் அடித்து, தன் விருப்பப்படி மாற்றிக் கட்டுகிறார். இது பொம்மை விளையாட்டா, கைத்தொழில் பயிற்சியா என்பதுதான் இன்றைய பேச்சு.

பெட்டியில் வந்த வண்டி

இந்தக் கலையின் வரலாற்றில் உழைக்கும் வண்டி ஒன்றுக்கும் இடம் உண்டு. இங்கிலாந்தில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1940-களின் இறுதியில் ஃபெர்குசன் டிராக்டரின் சிறு உருவத்தை விளம்பரத்துக்காகச் செய்து கொடுத்தது. பிறகு அதையே துண்டுகளாக விற்றது. அந்த நிறுவனத்தின் கிட் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

ஜப்பானில் ஷிசுவோக்கா நகரில் மர அறுவை ஆலையாக 1946-இல் பிறந்த நிறுவனம் தமியா. மரத்தை விட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறி உலகப் புகழ் பெற்றது. அதை வளர்த்தெடுத்த ஷுன்சாக்கு தமியா 2025-இல் தமது 90-ஆவது வயதில் காலமானார். உலகம் முழுதும் டாங்கி மாடல்களுக்குப் பயன்படும் 35-இல் ஒரு பங்கு என்ற அளவு எப்படி வந்தது தெரியுமா? பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. முதல் டாங்கிக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்பதற்காக அமைந்த அளவு அது.

வாங்கியவர் தன் இஷ்டப்படி மாற்றிக் கட்டும் பழக்கத்தை அமெரிக்காவின் ஏ.எம்.டி. நிறுவனம் 1958-இல் வியாபாரமாகவே ஆக்கியது. ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டும் கார் கிட்களை வெளியிட்டது. ஜப்பானில் 1975 முதல் 1979 வரை 10 பாகங்களாக வந்த 'டொராக்கு யாரோ' திரைப்படங்கள், விளக்கும் படமுமாக ஜொலிக்கும் அலங்கார லோரிகளை வீட்டுக்கு வீடு பிரபலமாக்கின. அவோஷிமா நிறுவனம் அந்த லோரிகளை இன்றும் கிட்டாக விற்கிறது.

வாகனத்தை அலங்கரிப்பது தமிழனுக்குப் புதிதா? தமிழ்நாட்டில் நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் வெறும் சேஸியாக வரும் லோரி, தச்சர், வெல்டர், பெயிண்டர் கைகளில் முழு வண்டியாகி வெளியே போகிறது. பினாங்கிலோ தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பவனி வருகிறது, 2017 முதல் தங்க ரதமும் வருகிறது. ஒரு வண்டியை அழகாக்கிப் பார்க்கும் ஆசை நம் மக்களிடம் எப்போதோ ஊறிவிட்டது.

கணக்கு இல்லாமல் கட்ட முடியாது

இப்போது ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பட்டர்வொர்த் துறைமுகத்தில் கன்டெய்னர் இழுக்கும் ஓட்டுநர் ஒருவர். அவருக்குப் பதினேழு வயதில் ஒரு மகன். இத்தாலி நிறுவனத்தின் 24-இல் ஒரு பங்கு கிட் ஒன்றை வாங்கி வந்து, "அப்பா, உங்க லோரியைக் கட்டப் போறேன்" என்கிறான். அம்மாவுக்குக் கோபம். "எஸ்.பி.எம். வருஷத்துல பொம்மை என்னடா பொம்மை?"

அந்தப் பையன் முதலில் தொடுவது பசையை இல்லை, அளவுகோலை. 20 அடி கன்டெய்னரின் நீளம் 6.06 மீட்டர். 24-ஆல் வகுத்தால் சுமார் 25 சென்டிமீட்டர். அகலம் 2.44 மீட்டர், அது 10 சென்டிமீட்டர் ஆகிறது. 40 அடி கன்டெய்னர் என்றால் அரை மீட்டருக்கும் மேல். பினாங்கின் முதல் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம். அதையும் இதே அளவில் கட்டினால் 560 மீட்டர் வேண்டும்.

எடைக் கணக்கு இன்னும் சுவையானது. நீளம் 24-இல் ஒரு பங்கானால், கன அளவு 24 பெருக்கல் 24 பெருக்கல் 24, அதாவது 13,824-இல் ஒரு பங்காகிறது. 13,824 கிலோ எடையுள்ள லோரி, அதே உலோகங்களில் அப்படியே சுருங்கினால் ஒரே ஒரு கிலோதான் இருக்கும். மேசை மேல் இருக்கும் மாடலில் ஒரு கிலோ கூடினால், சாலையில் எத்தனை டன் கூடியதாக அர்த்தம் என்று அந்தப் பையனே கணக்குப் போட்டுக்கொள்வான். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது என்றால் என்ன என்பது அவனுக்கு அன்று புரியும்.

வெட்டு, தேய், ஒட்டு

பெட்டியைத் திறந்தால் பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் வரிசையாகப் பிடித்துக்கொண்டிருக்கும். கையால் பிய்த்தால் பாகம் உடையும். கூர்மையான கட்டரால் சற்றுத் தள்ளி ஒருமுறை, ஒட்டி ஒருமுறை என இரண்டு முறை வெட்ட வேண்டும். மிச்சத்தை 400, 600, 1000 என்று படிப்படியாக நுண்மையாகும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அதற்கு முன் எல்லாப் பாகங்களையும் பாத்திரம் கழுவும் சோப்பில் அலசிக் காய வைப்பது நல்லது. அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தால் வர்ணம் பிடிக்காது.

மாடல் பசை, சாதாரணப் பசை மாதிரி நடுவில் உட்கார்ந்து இரண்டு துண்டுகளைப் பிடித்துக்கொள்வதில்லை. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை மெல்ல உருக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. வெல்டிங் மாதிரிதான். தப்பாக ஒட்டினால் பிரிப்பது கஷ்டம். அதனால் பசை போடாமல் முதலில் பொருத்திப் பார்ப்பது இந்தத் தொழிலின் முதல் விதி.

லோரியில் மிக முக்கியம் சேஸி. இரண்டு நீளச் சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் நேராக அமைய வேண்டும். மயிரிழை முறுக்கிக்கொண்டாலும் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். ஒரு கண்ணாடிப் பலகை மேல் வைத்து, எல்லாச் சக்கரங்களும் ஒரே நேரத்தில் தொடுகின்றனவா என்று பார்த்த பிறகே மேலே போக வேண்டும். பிரைம் மூவருக்கு அடுத்த முக்கியம் ஐந்தாம் சக்கரம். டிரெய்லரின் முன்பாரம் முழுதும் அந்த வட்டத் தட்டின் மேல்தான் உட்காருகிறது. அதை எங்கே வைப்பது என்று யோசிக்கிறவன், எந்த அச்சில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்றும் யோசித்தாக வேண்டும்.

பெயிண்டும் பினாங்குப் புழுக்கமும்

வர்ணத்தில்தான் பினாங்குக்காரனுக்குச் சோதனை. 0.1 மில்லிமீட்டர் தடிமனில் பெயிண்ட் அடித்தால், உண்மை வண்டியின் அளவில் அது 2.4 மில்லிமீட்டர் ஆகிறது. கதவு இடுக்கும் போல்ட் தலையும் மறைந்துவிடும். ஆகவே மெல்லிய பூச்சாக, காயவிட்டுக் காயவிட்டு மூன்று நான்கு முறை அடிக்க வேண்டும்.

தீவில் காற்றில் ஈரம் அதிகம். லாக்கர் பெயிண்ட் காயும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதில் படிந்து, பளபளப்பான சிவப்பு திடீரென்று வெண்மை பூத்துப் போகும். செப்டம்பர், அக்டோபர் மழையில் ஸ்பிரே எடுத்தால் இந்த வேதனை அதிகம். மழை ஓய்ந்து வெயில் ஏறிய நேரமாகப் பார்த்து அடிப்பதும், மெதுவாகக் காயும் தின்னர் சேர்ப்பதும் கைகொடுக்கும். ஒன்றை மறக்கக் கூடாது. இந்தப் பெயிண்டும் பசையும் மூச்சுக்கு ஆகாதவை. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், முகக்கவசம் வேண்டும், அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டவும் கூடாது.

நம்ம ஊர் லோரியாக்குவது

பெட்டியில் வருவது பெரும்பாலும் ஐரோப்பிய அல்லது அமெரிக்க லோரி. பல கிட்களில் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். மலேசியாவில் ஓட வேண்டும் என்றால் டாஷ்போர்டை அறுத்து, ஸ்டீயரிங்கையும் பெடல்களையும் வலப்பக்கம் மாற்ற வேண்டும். இங்கிருந்துதான் கிட் கட்டுகிறவன் தன் சொந்த மூளையைப் பயன்படுத்தத் தொடங்குகிறான்.

பிறகு நம்பர் பிளேட். பினாங்கு வண்டிக்கு 'பி' எழுத்து. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. வீட்டு பிரிண்டரால் வெள்ளை மை அச்சடிக்க முடியாது. அதற்கு ஒரு யுக்தி இருக்கிறது. தண்ணீரில் நனைத்து ஒட்டும் வெள்ளை ஸ்டிக்கர்த் தாளில் கறுப்பை மட்டும் அச்சடித்து, எழுத்து இருக்கும் இடத்தை வெறுமையாக விட்டால், தாளின் வெள்ளையே எழுத்தாகிவிடும். கதவுப் பக்கத்தில் சரக்குடன் எடை, சரக்கின்றி எடை என்று மலாய்ச் சுருக்கத்தில் எழுதுவது, பின்னால் வேக வரம்பைக் காட்டும் வட்டம், சக்கரத்தின் பின்னே தொங்கும் ரப்பர்ப் பட்டை, இவை எல்லாம் கிட்டில் வராது. மெல்லிய பிளாஸ்டிக் தகடும் கம்பியும் கொண்டு தானே செய்துகொள்ள வேண்டும்.

இவற்றைச் செய்ய அந்தப் பையன் என்ன பண்ணுவான்? அப்பாவின் லோரியிடம் போவான். கண்ணாடி எந்தக் கோணத்தில் இருக்கிறது, காற்றுத் தொட்டி எங்கே, பிரேக் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். பத்து வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அப்பாவிடம் வேலையைப் பற்றிக் கேட்காத பிள்ளை, ஒரு மாடலுக்காகக் கேட்பான். முன்பக்கம் இடது மூலையில் நிற்கும் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் கண்ணுக்கே தெரியாது என்று அப்பா சொல்வார். அந்த ஒரு வார்த்தை, நாளைக்கு மோட்டார் சைக்கிளில் போகும் மகனின் உயிரையே காப்பாற்றக்கூடும்.

டாஷ்போர்டில் சின்னப் பிள்ளையார் படமும் பம்பரில் எலுமிச்சம்பழமும் வேண்டும் என்பார் அப்பா. 5 சென்டிமீட்டர் எலுமிச்சை இந்த அளவில் 2 மில்லிமீட்டர் உருண்டை. புட்டியை உருட்டி மஞ்சள் பூசினால் ஆயிற்று. கடைசியில் அழுக்கு. மழைநீர் மேலிருந்து கீழாக வடிந்த கோடு, புகைக்குழாய்ப் பக்கம் கரி, சக்கரத்தின் மேல் செம்மண். புதுப் பொம்மையாக இருந்தது உழைத்த வண்டியாக மாறுவது அப்போதுதான்.

அம்மாவின் கேள்விக்குப் பதில்

அந்த அம்மாவின் கோபத்தைத் தள்ளிவிட முடியாது. இறக்குமதி கிட் ஒன்றின் விலை நூறு ரிங்கிட்டைத் தாண்டிவிடும். பெயிண்ட், கருவி என்று செலவு வளரும். கட்டாமலேயே பெட்டிகளை அடுக்கி வைக்கும் நோயும் இந்தப் பொழுதுபோக்கில் உண்டு. தேர்வு நெருங்கும்போது மூடி வைக்கத் தெரியாதவனுக்கு இது ஆகாது.

ஆனால் பணம்தான் தடை என்றால் வழி இருக்கிறது. தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் இளைஞர்கள் அட்டையிலும் ஃபோம் தகட்டிலும் பஸ்ஸும் லோரியும் அச்சு அசலாகச் செய்கிறார்கள். அளவெடுக்கும் பழக்கமும் பொறுமையும் இருந்தால் போதும். ஒரு கிட் வாங்கி முழுதாக முடித்த பிறகே அடுத்தது என்ற கட்டுப்பாட்டை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

பதினேழு வயதில் அளவெடுத்து, வெட்டி, பொருத்தி, தவறினால் திருத்தி, மூன்று மாதம் ஒரே வேலையில் நின்று முடிக்கும் பையன், தொழிற்பயிற்சிக் கல்லூரியின் பட்டறைக்குள் வெறுங்கையோடு நுழைய மாட்டான். படம் பார்த்து இயந்திரத்தைப் புரிந்துகொள்ளும் பாதிப் பாடம் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

இன்னொரு பயனும் இருக்கிறது. பினாங்கில் கார்களை ஏற்றிச் சென்ற ஃபெரி சேவை 2020 முடிவோடு நின்றது. அதில் பயணம் செய்த தலைமுறைக்கு அது மனத்தில் இருக்கிறது, அடுத்த தலைமுறைக்குப் படத்தில் மட்டும்தான். லோரிகளுக்கு அந்தப் படம்கூடக் கிடைப்பதில்லை. மூக்கு நீண்ட பழைய லோரிகள் எத்தனையோ ஓடி, தேய்ந்து, இரும்புக் கடைக்குப் போய்விட்டன. ஓட்டியவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. கப்பலுக்கு நினைவுச்சின்னம் எழுப்புகிறார்கள். லோரிக்கு யார் எழுப்புவார்கள்?

அலமாரியில் 25 சென்டிமீட்டர் இடம் போதும். கதவில் சரியான எண், வலப்பக்கம் ஸ்டீயரிங், பம்பரில் 2 மில்லிமீட்டர் எலுமிச்சை. இந்தக் குடும்பம் எந்த வண்டியின் உழைப்பில் சாப்பிட்டது என்பதைப் பேரப்பிள்ளைகளுக்கு அது சொல்லிக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை அப்படி ஒரு பெட்டியோடு வந்தால், விலையைக் கேளுங்கள், தேர்வுத் தேதியைக் கேளுங்கள். யாருடைய லோரியைக் கட்டப் போகிறான் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.