குழு போடுவதும் கலைப்பதும்



இயக்கத்துக்குள்ள ஒரு தகராறுன்னு வந்தா 'கமிட்டி போடுங்கப்பா' என்கிறோம். கமிட்டி போட்டாச்சுன்னா பெரும்பாலும் பிரச்சினையைப் புதைச்சாச்சுன்னு அர்த்தம். குழுவை வைத்துத் தோண்டி எடுக்கவும் முடியும். இரண்டையும் செய்த ஒரு கூட்டத்தாரைப் பற்றிச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் குவேக்கர்கள். சம்பளத்துக்குப் பாதிரி கிடையாது, ஓட்டெடுப்பு கிடையாது. எல்லோரும் ஒத்துவரும்வரை கூடிப் பேசுவார்கள். கடவுளின் ஒளி எல்லோருக்குள்ளும் இருக்கிறது என்றவர்கள். அவர்களில் பலர் கறுப்பு மக்களை அடிமைகளாகவும் வைத்திருந்தார்கள்.

1688இல் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் இது அநியாயம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மாதக் கூட்டம் 'பெரிய விஷயம்' என்று காலாண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது. அது ஆண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது. அங்கே கிடப்பில் போட்டார்கள். நம்ம மனு ஆபீஸ் ஆபீஸா அலையுதே, அதேதான்.

1738இல் பெஞ்சமின் லே என்ற கூன் விழுந்த குள்ள மனிதர், சிவப்புச் சாறு நிரப்பிய புத்தகத்தை வாளால் குத்தி, கூட்டத்தில் இருந்தவர்கள் மேல் ரத்தமாகத் தெறிக்க வைத்தார். தூக்கி வெளியே போட்டார்கள்.

1758இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டத்தில் மறுபடி தள்ளிப்போடப் பார்த்தபோது, ஜான் உல்மன் என்ற தையல்காரர் எழுந்து பேசினார். ஒரு சின்னக் குழு அமைந்தது. தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அடிமை வைத்திருந்தவர்களின் வீடு வீடாகப் போய் முகத்துக்கு நேரே பேசுவதுதான் வேலை. ஆனால் கூட்டமும் சும்மா இருக்கவில்லை: இனி அடிமைகளை வாங்கி விற்பவனுக்கு நிர்வாகக் கூட்டத்தில் இடமில்லை என்றது. 1776இல் அடிமை வைத்திருப்பதே தடைசெய்யப்பட்டது.

கைதட்டுவதற்கு முன் கணக்குப் பாருங்கள். மனு கொடுத்ததிலிருந்து 88 வருஷம். குழுவில் ஒரு கறுப்பர்கூட இல்லை. விடுதலைக்குப் பிறகும் குவேக்கர் கூட்டங்களில் கறுப்பர்களுக்குத் தனி பெஞ்சு இருந்தது. நமக்குத் தெரிந்த பெஞ்சுதான் அது.

நம்ம ஊர்ப் பஞ்சாயத்திலும் அடிபட்டவன் கைகட்டி வெளியே நிற்க, உள்ளே தீர்ப்பு சொல்கிறார்கள். நம் இயக்கத்தில் ஒரு பெண் தோழர் புகார் சொல்கிறார், உட்சாதி பார்த்துப் பொறுப்பு கொடுக்கிறார்கள் என்று ஒருவர் கேட்கிறார். நாம் போடும் குழுவும் அந்தத் திண்ணையாக ஆகிவிடக் கூடாது.

ஆகவே என் யோசனை. பாதிக்கப்பட்டவர்கள் தரப்பு குழுவில் பாதிக்குமேல் இருக்கட்டும். தேதி குறிச்சு ஆரம்பிக்கட்டும். அறிக்கையை எல்லோர் முன்னாலும் வாசிக்கட்டும். முடிவைப் பொதுக்கூட்டம் எடுக்கட்டும். அன்றைக்கே குழு கலையட்டும். கலையாத குழு இன்னொரு மேல்சாதி.

லே மாதிரி கத்துகிற தோழரை மட்டும் வெளியே தள்ளாதீங்க. குழு வந்ததில் அவர் கத்தினதுக்கும் பங்கு உண்டு.