மின்தூண்டல் சிகிச்சையும் கிராமப்புற மறுவாழ்வும்
(சொற்பொழிவின் வடிவம்)



மைசூர் மாவட்டத்திலிருந்து 1997-இல் பிரிக்கப்பட்ட சாமராசநகர் மாவட்டத்தின் மலைப்பகுதியில், தமிழ் பேசும் மக்கள் மிகுந்து வாழும் மார்டள்ளி என்னும் ஊர் உள்ளது. இத்தகைய ஊரில் ஓர் உழைப்பாளிக்குப் பக்கவாதம் ஏற்பட்டால், மருத்துவமனை அவருடைய உயிரைக் காக்கக்கூடும். ஆயினும், செயலிழந்த கையும் காலும் மீண்டும் இயங்குவதற்கான பணியின் பெரும்பகுதி அவர் வீடு திரும்பிய பின்னரே தொடங்குகிறது. அப்பணிக்கு உதவும் முறைகளுள் ஒன்று மின்தூண்டல் சிகிச்சையாகும்.

இதன் வரலாறு நீண்டது. தவளையின் தசை மின்சாரத்தால் துடிப்பதை இத்தாலிய அறிஞர் கால்வானி 1791-இல் வெளியிட்டார். பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1855-இல் வெளியிட்ட நூல், தோலின் மேல் மின்முனைகளை வைத்துத் தனித்தனித் தசைகளை இயக்கும் முறையை விளக்கியது.

நரம்பு நலமாக உள்ள தசையைச் சுருங்கச் செய்ய, ஒரு மில்லிவினாடி அல்லது அதற்கும் குறைந்த நேரமே நீடிக்கும் மின்துடிப்புகள் போதும். அவை முதலில் நரம்பைத் தூண்டுகின்றன. நரம்பு தசையை இயக்குகிறது. நரம்பு அறுபட்டிருப்பின், தசையையே நேரடியாகத் தூண்ட வேண்டியிருப்பதால், நூறு மில்லிவினாடி அளவில் நீளும் துடிப்புகள் தேவைப்படுகின்றன. ஆகவே, நோயின் தன்மையை அறியாமல் கருவியை இயக்குவதால் பயன் விளையாது. முழங்கால் அறுவைக்குப் பின் மெலியும் தொடைத் தசையை வலுப்படுத்தவும், பக்கவாதத்தால் தொங்கும் பாதத்தை நடக்கும்போது உயர்த்தவும் இம்முறை துணை புரிகிறது.

வலி தணிக்கும் 'டென்ஸ்' கருவி வேறு வகையைச் சேர்ந்தது. தொடு உணர்வு நரம்புகளைத் தூண்டினால், தண்டுவடத்தில் வலிச் செய்தி செல்லும் வாயில் அடைபடும் என்று மெல்சாக், வால் ஆகிய இருவரும் 1965-இல் கூறிய கொள்கையே இதற்கு அடிப்படை. எனினும் இதன் பயனுக்கு வரம்பு உண்டு. நாள்பட்ட இடுப்புவலிக்கு இதனை வழக்கமான சிகிச்சையாகக் கொள்ள வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியது. எல்லா வலியும் தீரும் என்ற விளம்பரத்தை நம்பி, எளியோர் கடன்பட்டுக் கருவி வாங்குவது தவிர்க்கப்பட வேண்டும்.

எச்சரிக்கைகளும் உள்ளன. இதயமுடுக்கி பொருத்தப்பட்டவர்க்கும், கருவுற்ற பெண்ணின் வயிற்றுப் பகுதியிலும், புற்றுநோய்க் கட்டியின் மேலும், கழுத்தின் முன்புறத்திலும் மின்தூண்டல் ஆகாது. தொழுநோய், நீரிழிவு ஆகியவற்றால் உணர்ச்சி குன்றிய தோலில் மின்முனையால் புண் ஏற்பட்டாலும் நோயாளி அதனை உணரமாட்டார்.

அனைத்திற்கும் மேலாக, மின்சாரம் பயிற்சிக்குத் துணையேயன்றி மாற்று அன்று. நோயாளி தாமே முயன்று எழுந்து, நின்று, பிடித்துப் பழகும்போதுதான் மூளை இழந்த திறனை மீண்டும் கற்கிறது. இதற்கு வாரக்கணக்கில், பல வேளை மாதக்கணக்கில், இடைவிடாத பயிற்சி வேண்டும். மலையூரிலிருந்து ஒவ்வொரு முறையும் நகருக்குச் செல்ல நோயாளியுடன் மற்றொருவரும் வர வேண்டும்; இருவருடைய கூலியும் போகும். எனவே சில நாள்களில் சிகிச்சை நின்றுவிடுகிறது. தசை இறுகுகிறது, மூட்டு மடங்கியபடியே நிலைத்துவிடுகிறது.

இவ்விடைவெளியை நிரப்பும் வழியை அண்டை மாநிலம் காட்டியுள்ளது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளோடு இயன்முறை சிகிச்சையும் இல்லங்களுக்கே கொண்டு செல்லப்படுகிறது. பக்கவாதத்திற்கு முதன்மைக் காரணமான இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதும், பக்கவாதம் கண்டவரை எழுந்து நடக்கச் செய்வதும் ஒரே திட்டத்தில் இணைந்திருப்பது இதன் சிறப்பாகும்.

கையடக்க மின்தூண்டல் கருவி மின்கலத்தால் இயங்குவது. பையில் எடுத்துச் செல்லத்தக்கது. அதனைத் தக்கவாறு பயன்படுத்தும் பயிற்சி பெற்றவரே அரிய வளம். அவர் முறையாக வந்து செல்லவும், இடைப்பட்ட நாள்களில் குடும்பத்தினர் பயிற்சியைத் தொடரவும் ஏற்பாடு அமைந்தால், படுக்கையில் முடங்கியவர் மீண்டும் தம் வாயிற்படியைத் தாண்ட இயலும். நிருவாகத்தினர் சிகிச்சையின் வெற்றியைக் கருவிகளின் எண்ணிக்கையால் அளவிடாமல், அவ்வாறு படி தாண்டியவர்களின் எண்ணிக்கையால் அளவிடுதல் தகும்.