ஒரு கோப்பை தண்ணீர்

(ஆண்டு விழா ஆராதனையில் ஆற்றிய உரை)



பிள்ளைகளே, விம்பிள்டன் எதற்குப் பேர்போனது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். 1877ஆம் ஆண்டு இங்கே டென்னிஸ் போட்டி தொடங்கியது. வென்றவருக்குக் கிண்ணம் கொடுக்கிறார்கள், பெயரையும் பொறிக்கிறார்கள். வேதத்திலும் ஒரு கோப்பை உண்டு. மத்தேயு 10ஆம் அதிகாரத்தின் முடிவைப் பாருங்கள். எளியவர் ஒருவருக்குக் கொடுக்கும் தண்ணீரைக்கூட தேவன் கணக்கில் வைக்கிறார் என்று இயேசு அங்கே போதிக்கிறார். கொடுத்தவரின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

நான் வேலூரில் தாதியாகப் பயின்று இங்கே வந்தவள். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவுப் பணியில், வார்டில் ஆங்கிலம் தெரியாத ஒரு தமிழ் அம்மா இருந்தார். "பிள்ளை, கொஞ்சம் தண்ணி தாறியே?" என்று கேட்டார். "இந்தா வாறன் அம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினேன். அங்கே அவசரம்; பிறகு மருந்து நேரம்; பிறகு எழுத்து வேலை. நினைவு வந்து தண்ணீரோடு போனபோது அவர் தூங்கிவிட்டார். மறுநாள் இரவு அந்தக் கட்டில் வெறுமையாக இருந்தது.

அன்றிரவு செய்த மற்ற வேலைகள் எதுவும் எனக்கு இப்போது நினைவில்லை. கொடுக்காத தண்ணீர் மட்டும் நினைவிருக்கிறது. ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போதெல்லாம் அவசரத்துக்கு ஓட நேர்ந்தாலும், பக்கத்தில் நிற்கும் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுத்தான் ஓடுகிறேன்.

அந்த அம்மாவை நினைக்கும்போது டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் நினைவுக்கு வருவார். 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் நோயாளரைப் பராமரித்தவர். நோயாளி பேசும் மொழியைத் தாமே கற்றார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, வாலிபருக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். 1873இல் அவர் நாடு திரும்புவதற்குள் 60க்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்று வைத்தியர்களானார்கள். இது ஒரே நாளில் நடந்த காரியமல்ல. ஒரு நோயாளி, ஒரு சொல், ஒரு பக்கம் என்று நாள்தோறும் செய்தது. மானிப்பாய் மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

யோப்பா பட்டணத்தில் தொற்காள் மரித்தபோது, விதவைகள் அழுதுகொண்டு பேதுருவிடம் காட்டியவை அவள் தைத்துக் கொடுத்த உடைகளே. ஒவ்வொரு தையலும் சிறியதுதான்.

நமது சபையிலும் நாற்காலி அடுக்குகிறவர்கள், தேநீர் ஊற்றுகிறவர்கள், முதியவர்களைக் காரில் ஏற்றி வருகிறவர்கள் உண்டு. இந்த மலரில் அவர்கள் எல்லோருடைய பெயரும் இராது. தேவன் அறிவார்.

பிள்ளைகளே, இன்று வீட்டில் அம்மம்மா தண்ணீர் கேட்டால், போனைக் கீழே வைத்துவிட்டு எழும்புங்கள். "இந்தா வாறன்" என்று சொன்னால், உடனே போங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.