ஒரு இறாத்தல் பாண்

(தலைப்பு: குடிபெயர்ந்து வந்தவரைப் பெரிதும் வாட்டுவது வறுமையா? அந்நியமா? உதகை மேடையில் ‘அந்நியமே’ என்ற அணிக்காகப் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய தம்பி என்ன சொன்னார்? “கையில காசு இருந்தா எந்த ஊரும் நம்ம ஊருதான்”னார். அமெரிக்கா போனவங்களைச் சொன்னார், கனடா போனவங்களைச் சொன்னார். தம்பி, அவங்க எல்லாம் வசதியைத் தேடிப் போனவங்க. இருந்த நாட்டைவிட ஏழையான நாட்டுக்கு வந்து சேர்ந்தவங்க கதை ஒண்ணு இருக்கு. அதுக்காக நீங்க விமானம் ஏற வேண்டாம். இங்கேயிருந்து கோத்தகிரிக்குப் பஸ் ஏறுங்க, போதும்.

1964 அக்டோபர் 30. நம்ம சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் போட்டாங்க. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 1948 சட்டத்தாலே குடியுரிமை இல்லாமல் போன நம்ம ஜனங்க 9,75,000 பேர்னு கணக்கு. அதில் 5,25,000 பேர் எங்களுக்கு, 3,00,000 பேர் உங்களுக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கலாம்னாங்க. 1974-ல் அதையும் ஆளுக்குப் பாதியாகப் பிரிச்சாங்க. ஐயா, வீட்டில் தேங்காய் உடைச்சாக்கூட யாருக்குப் பெரிய மூடின்னு ஒரு வார்த்தை கேட்போமே! (சிரிப்பு) இந்த ஜனங்களை யார் கேட்டா?

வந்தவங்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. நான் தமிழ் வாத்தியார், சொல்லுக்குப் பொருள் பார்க்கிறது என் தொழில். போனவன்தானே திரும்ப முடியும்? திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் போனது பாட்டனும் பூட்டனும். கப்பலில் வந்து இறங்கினவங்க பெரும்பாலும் அங்கேயே பிறந்து, ராமேஸ்வரத்தைப் படத்தில்கூடப் பார்க்காதவங்க. அவங்களுக்கு இது திரும்பல் இல்லை, வெளிநாட்டுப் பயணம்!

கோத்தகிரிப் பக்கம் ஒரு பாட்டியம்மா. என்னிடம் படித்த பெண்ணின் பாட்டி. அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவங்க. இருபத்து நாலு வயசில், கைக்குழந்தையோடு தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, தேயிலை தவிர வேறொன்றும் தெரியாததால் இந்த மலையைத் தேடி வந்தாங்க. வந்த மறுநாள் கடைக்குப் போய், “ஒரு இறாத்தல் பாண் குடுங்க”ன்னு கேட்டாங்களாம். கடைக்காரர் மேலும் கீழும் பார்த்துட்டு, “பீடாக் கடை அடுத்த தெரும்மா”ன்னாராம்! (சிரிப்பு, கைதட்டல்)

நாம சிரிக்கிறோம். அந்தம்மா அன்னைக்கு வெறுங்கையோட வீட்டுக்கு வந்து அழுதிருக்காங்க. கையில காசு இருந்தது, நடுவர் அவர்களே! கடையில் ரொட்டியும் இருந்தது. வார்த்தைதான் செல்லலை. அங்கே பாண்னா ரொட்டி, இறாத்தல்னா பவுண்டு. கொழுந்தையும் இறாத்தலில் நிறுத்துப் பழகினவங்க, இங்கே எல்லாம் கிலோ. காலையில் பெரட்டுக்குப் போகும்போது பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுட்டுப் போன தாய், இங்கே கல்லுக்கும் முள்ளுக்கும் நடுவிலே உருளைக்கிழங்குக் காட்டு வரப்பில் சேலையை விரிச்சுக் கிடத்தினாங்க. தேயிலைத் தோட்ட வேலை உடனே கிடைச்சிடலை. இவங்களுக்காகவே 1968-ல் தொடங்கி, 1976-ல் கழகமான டேன்டீயிலும் எல்லாருக்கும் இடமிருக்குமா?

எதிரணி கேட்கும்: அங்கே என்ன பாலும் தேனுமா ஓடிச்சு? இல்லைதான். லயத்தில் பத்தடிக் காம்பராவுக்குள்ளே ஒரு குடும்பம். 1973, 74-ல் தோட்டங்களில் கடும் பட்டினி. அதுக்குத் தப்பிக் கப்பலேறினவங்களும் உண்டு. ஒத்துக்கிறேன். ஆனால் கூப்பன் அரிசி இருந்தது, தோட்டத்து டிஸ்பென்சரி இருந்தது, பசிச்சா பசிக்குதுன்னு சொல்ல அடுத்த காம்பராவில் ஒரு அக்கா இருந்தா. இந்த அக்கா கணக்கு எந்த ஒப்பந்தத்திலும் வரலையே, ஐயா!

அந்தம்மாவுக்கு இங்கே ஓர் அக்கா கிடைக்க ஒன்றரை வருஷமாச்சு. கிழங்குக் காட்டுச் சொந்தக்காரரான படகர் வீட்டு அம்மா ஒருநாள், “அதென்ன சர்க்கரையை உள்ளங்கையில் வச்சு நக்கிக்கிட்டு டீ குடிக்கிறே?”ன்னு கேட்டாங்களாம். தோட்டத்துப் பழக்கம் அது, சீனி மிச்சமாகும். அந்தக் கேள்வியில்தான் பேச்சு தொடங்கிச்சு. தேங்காய் ரொட்டியும் சம்பலும் அந்த வீட்டுக்குப் போச்சு. மாசிக் கருவாடு இங்கே கிடைக்காது. நெத்திலியை வறுத்து இடிச்சுப் போட்டாங்க. “ருசி வரலை சார், ஆனா அவங்க நல்லாயிருக்குன்னாங்க”ன்னு சொல்லும்போது அந்தம்மா முகத்தைப் பார்க்கணுமே!

நம்ம பூங்குன்றனார் எல்லா ஊரும் நம் ஊரே, எல்லாரும் நம் உறவேன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அவரிடம் யாரும் சாதிச் சான்றிதழ் கேட்கலை! (பலத்த கைதட்டல்) இவங்க பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனா, ஓர் அலுவலகத்தில், அப்பா பிறந்த ஊருக்கு ஆதாரம் கேட்டிருக்காங்க. அப்பா பிறந்தது அட்டன். “அப்ப அங்கே போய் வாங்கிட்டு வாங்க.” அங்கே ‘இந்தியாக்காரன்’, இங்கே ‘சிலோன்காரன்’. அண்ணன் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிப்போட்டு அங்கேயே தங்கிட்டார். 1983 கலவரத்துக்குப் பிறகு கடிதமும் நின்னுபோச்சு. பிறகு கப்பலும் நின்னுபோச்சு.

இப்போ அந்தம்மாவுக்கு எழுபதுக்கு மேலே. ரேஷன் கார்டு இருக்கு, ஓட்டு இருக்கு, பேத்தி எம்.ஏ. வறுமை ஓரளவு விலகிடுச்சு, எதிரணிக்கு மகிழ்ச்சிதானே? ஆனால் தோட்டத்து வீடு வேலை இருக்கும் வரைதான். மகன் ஓய்வு பெறப்போகிறார். 2022-ல் டேன்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பித் தருவதுன்னு முடிவானப்போ, அந்த லயம் முழுக்க ராத்திரி தூங்கலையாம்.

நான் போயிருந்த அன்னைக்குக் கட்டிலுக்கடியில் ஒரு தகரப்பெட்டியைப் பார்த்தேன். கப்பலில் கொண்டு வந்தது. துருப்பிடிச்சிருக்கு, ஆனா கொண்டிக்கு மட்டும் எண்ணெய் போட்டு வச்சிருக்காங்க. “இத்தனை வருஷமாச்சே, இன்னும் எதுக்கும்மா இது?”ன்னேன்.

“எதுக்கும் இருக்கட்டும் சார். எப்போ கெளம்பச் சொல்லுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?”

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார்.